உங்க கமெண்ட்டை நான் ஏன் தூக்கினேன்?

வணக்கம் மக்களே. இன்னைக்கு வெளியில எங்கயும் போகல, ரூம்ல உக்காந்துதான் பேசுறேன். ஃபேன் சத்தம் கேக்கும், இந்த வெக்கையில ஆஃப் பண்ண முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பஸ் ஸ்டாண்ட் வீடியோ போட்டதுல இருந்து ஒரே புகார். "ப்ரோ, என் கமெண்ட் எங்க போச்சு?" "ஊரையெல்லாம் கேள்வி கேப்ப, உன்னைக் கேட்டா மட்டும் டெலிட்டா?" ஒருத்தர் "கருத்துச் சுதந்திரக் காவலர் வாழ்க, வாழ்க"ன்னு போட்டிருந்தார். அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, பின் பண்ணி மேலயே வச்சிருக்கேன். போய்ப் பாருங்க.

குத்தலாப் பேசுறது எனக்குப் பிரச்னையே இல்லை. அதுக்குத்தான் அந்தக் கமெண்ட் பொட்டியே இருக்கு. 2021 நவம்பர்ல டிஸ்லைக் எண்ணிக்கையை யூட்யூப் மறைச்சிடுச்சு. வீடியோ மொக்கைன்னு நாலு பேருக்குத் தெரியுற மாதிரி சொல்லணும்னா இப்ப கமெண்ட் ஒண்ணுதான் வழி. அதையும் நான் அடைச்சா அப்புறம் பாராட்டு மட்டும்தான் மிஞ்சும். பாராட்டைப் படிச்சு யாருங்க திருந்தினாங்க?

அப்ப எதைத் தூக்குறேன்? இதுக்கு நான் வச்சிருக்கிற அளவுகோல் என் சொந்த அளவுகோல் இல்லை, பழைய சட்டப் புத்தகத்துல இருந்து எடுத்தது. இந்திய தண்டனைச் சட்டம், 1860. மெக்காலே தலைமையில வரைவு எழுதினது. அதுல 499ஆவது பிரிவு அவதூறு. இப்ப அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 356ஆவது பிரிவா வந்திருக்கு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கிற குற்றம். ஆனா அதுக்குள்ளயே பத்து விதிவிலக்கு. அதுல ஆறாவதைத்தான் எல்லாரும் ஒரு தடவை படிக்கணும்னு நான் சொல்வேன். பொதுமக்கள் பார்வைக்குன்னு ஒருத்தர் வெளியிட்ட படைப்பைப் பத்தி நல்லெண்ணத்தோட கருத்து சொன்னா அது அவதூறு ஆகாது. புத்தகம், மேடைப் பேச்சு, நடிப்பு, பாட்டு எல்லாத்துக்கும் பொருந்தும்.

இதுக்கு சட்டத்துலயே உதாரணம் கொடுத்திருக்காங்க, அதுதான் சுவாரசியம். ஒரு விமர்சகர் சொல்றார்: "இந்தப் புத்தகம் முட்டாள்தனமா இருக்கு, எழுதினவர் பலவீனமான ஆளாத்தான் இருக்கணும். இந்தப் புத்தகம் ஆபாசமா இருக்கு, எழுதினவர் மனசு அழுக்காத்தான் இருக்கணும்." இது குற்றம் இல்லை! ஆளையே திட்டுறார், ஆனாலும் குற்றம் இல்லை. ஏன்னா அவர் சொன்ன அத்தனையும் அந்தப் புத்தகத்துல இருந்து கிளம்புது. அடுத்த உதாரணம்: "இந்தப் புத்தகம் முட்டாள்தனமா, ஆபாசமா இருக்கிறதுல எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏன்னா எழுதினவன் பலவீனமான ஆளு, ஒழுக்கம் கெட்டவன்." இதுக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான். ஆனா இங்க ஆளைப் பத்தி ஏற்கெனவே ஒரு முடிவு கையில இருக்கு, புத்தகம் சும்மா சாக்கு.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. "வீடியோவுல கழிப்பறையைக் காட்டவே இல்லை, பஸ் டைமும் தப்பு, இவனுக்கு மூளை இருக்கான்னே தெரியல." இருக்கட்டும். ரெண்டு தப்பு சொல்லிட்டு மூளையைக் கேக்குறார், நியாயம்தான். "இவனுங்கல்லாம் எந்த ஏரியாக்காரனுங்கன்னு தெரியாதா, அதான் இப்படி வீடியோ போடுறானுங்க." இதைத் தூக்கிட்டேன். ஏரியான்னு எழுதினா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம ஊர்ல சாதியைச் சொல்றதுக்கு சாதிப் பேரே தேவையில்லையே. தெருப் பேர் போதும், ஒரு கலர் எமோஜி போதும். இன்னொண்ணு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களை இணையத்துல இழிவாப் பேசினாலும் அது பொது இடத்துல பேசின மாதிரிதான், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும்னு கேரள உயர் நீதிமன்றம் 2022-லயே சொல்லியிருக்கு. அந்த விவகாரமும் ஒரு யூட்யூப் பேட்டியில இருந்து வந்ததுதான்.

"சரி, எழுதினவன் மாட்டினா மாட்டட்டும், உனக்கென்ன?"ன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தேடினா எஸ்டோனியா வரைக்கும் போகணும்.

எஸ்டோனியாவுல குளிர்காலத்துல கடல் உறைஞ்சு போயிடும். கரைக்கும் தீவுகளுக்கும் நடுவுல அந்தப் பனி மேலயே ரோடு போட்டு, அரசாங்கமே கார் ஓட்ட அனுமதிக்கும். காசும் மிச்சம், நேரமும் மிச்சம். 2006 ஜனவரியில ஒரு கப்பல் கம்பெனி தன் படகுகளோட வழித்தடத்தை மாத்துது. அதனால ரோடு போடத் திட்டமிட்ட இடத்துல பனி உடைஞ்சிடுச்சு. டெல்ஃபின்னு அந்த நாட்டுல பெரிய செய்தித் தளம். அவங்க இதைச் செய்தியாப் போட்டாங்க. செய்தியில தப்பு இல்லை, நிதானமாத்தான் எழுதியிருந்தாங்க, இதை கோர்ட்டே ஒத்துக்கிச்சு. ஆனா கீழ 185 கமெண்ட். அதுல சுமார் 20 கம்பெனி முதலாளியைத் தாக்கி எழுதினது, மிரட்டல் உட்பட. அதெல்லாம் ஆறு வாரம் அங்கயே கிடந்துச்சு. மார்ச் மாசம் அவரோட வக்கீல்கள் கடிதம் அனுப்பினாங்க, அன்னைக்கே டெல்ஃபி எடுத்துடுச்சு. ஆனாலும் டெல்ஃபி மேல கேஸ் நடந்துச்சு.

டெல்ஃபி ஒண்ணும் கண்ணை மூடிட்டு இருக்கல. கெட்ட வார்த்தை ஃபில்டர் வச்சிருந்தாங்க. புகார் பட்டன் இருந்துச்சு. "கமெண்ட்டுக்கு எழுதினவரே பொறுப்பு"ன்னு அறிவிப்பும் இருந்துச்சு. நம்ம வாரப் பத்திரிகைகள்ல வருமே, "படைப்புகளில் உள்ள கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல"ன்னு, அதே ரகம். அதை எழுதி வச்சவங்க ஒரு நிம்மதிக்காக எழுதி வச்சாங்கன்னு நினைக்கிறேன். ஏன்னா எஸ்டோனிய கோர்ட்ல அது எடுபடல. 5,000 குரோன் நஷ்ட ஈடு, சுமார் 320 யூரோ. முதலாளி தரப்பு கேட்டது 5 லட்சம் குரோன்! தொகை சின்னது, ஆனா டெல்ஃபி விடல, ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2015 ஜூன்ல 17 நீதிபதிகள்ல 15 பேர் டெல்ஃபிக்கு எதிரா. காசுக்காகத் தளம் நடத்துற, கமெண்ட் வந்தா உனக்குத்தான் லாபம், வன்முறையைத் தூண்டுறது கண்ணுக்கு நேரா கிடக்கு, பாதிக்கப்பட்டவர் வந்து சொல்ற வரைக்கும் நீ காத்திருக்கக் கூடாதுங்கிறதுதான் சாரம்.

இதைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. ஆனா அதே தீர்ப்புல, பொழுதுபோக்கா தளமோ வலைப்பூவோ நடத்துற தனி ஆளுக்கு இது இல்லைன்னு தனியாச் சொல்லியிருக்காங்க. நிம்மதின்னு நினைச்சேன். அதுவும் முழு நிம்மதி இல்லை. பிரான்ஸ்ல ஒரு அரசியல்வாதி, தன் ஃபேஸ்புக் பக்கத்துல மத்தவங்க எழுதின வெறுப்புக் கமெண்ட்டை எடுக்காம விட்டதுக்கு அபராதம் கட்டினார். 2023 மே மாசம் அதே ஸ்ட்ராஸ்பர்க் கோர்ட் அந்த அபராதம் சரின்னு சொல்லிடுச்சு.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேல. சிறுவர் தடுப்புக் காவல் மையத்துல டிலன் வோலர்ங்கிற பையனை நாற்காலியில கட்டி, முகத்துல உறை மாட்டி உக்கார வச்ச படம் 2016-ல டிவியில வந்து நாடே அதிர்ந்துச்சு, விசாரணைக் கமிஷன் போட்டாங்க. பத்திரிகைகள் அந்தச் செய்தியைத் தங்களோட ஃபேஸ்புக் பக்கத்துல போட்டுச்சு. கீழ வந்த கமெண்ட்கள் தன்னை அவதூறு பண்ணுதுன்னு அவர் பத்திரிகைகள் மேல கேஸ் போட்டார், முன்கூட்டி எடுக்கச் சொல்லிக் கேக்கக்கூட இல்லை. 2021 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், 5க்கு 2, பக்கத்தைத் திறந்து வச்சு கமெண்ட்டை வரவேற்கிறவங்களும் அதை வெளியிட்டவங்கதான்னு சொல்லிடுச்சு. அதே மாசம் சிஎன்என் தன்னோட ஃபேஸ்புக் பக்கங்களை ஆஸ்திரேலியாவுல தெரியாதபடி பண்ணிடுச்சு. எனக்கு இது ரொம்ப அதிகமாத் தெரியுது. என் வீட்டுச் சுவத்துல ராத்திரி எவனோ எழுதிட்டுப் போனா, காலையில நான் பாக்கிறதுக்கு முன்னாடியே குற்றவாளியா?

"அப்ப சட்டத்தைக் கடுமையாக்கி எழுதுறவனைப் பிடிங்க"ன்னு சிலர் சொல்றீங்க. அந்த மருந்தையும் நாம குடிச்சுப் பாத்தாச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. எரிச்சல், தொந்தரவு உண்டாக்கினா மூணு வருஷம் ஜெயில். எரிச்சல்! 2012 நவம்பர்ல சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தப்ப மும்பையில கடையெல்லாம் அடைச்சாங்க. மும்பை பக்கத்துல பால்கர்ல ஒரு இளம்பெண், எதுக்கு இந்த அடைப்புன்னு ஃபேஸ்புக்ல கேட்டாங்க, தோழி அதுக்கு லைக் போட்டாங்க. ரெண்டு பேரும் கைது. கமெண்ட் கூட இல்லைங்க, ஒரு லைக். ஸ்ரேயா சிங்கால்னு ஒரு சட்ட மாணவி போட்ட வழக்குல, 2015 மார்ச் 24, நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவையே ரத்து பண்ணினாங்க. விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், வன்முறைக்குத் தூண்டுற இடத்துலதான் சட்டம் நுழையணும்னு அதுல இருக்கு. ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல அந்தப் பிரிவு சாகல. செத்துப்போன பிரிவுல புதுசு புதுசா கேஸ் போட்டுட்டே இருந்தாங்க. இனிமே யார் மேலயும் இதுல வழக்கு நடத்தக் கூடாதுன்னு 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியதாச்சு.

அதே 2015 தீர்ப்புல இன்னொரு விஷயம். பெரிய தளங்கள் கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்த பிறகு எடுத்தாப் போதும், யாரோ ஒருத்தர் புகார் சொன்னதுக்கெல்லாம் தாங்களே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. அது கூகுளுக்கு நல்லது. அவங்ககிட்ட வக்கீல் படையே இருக்கு. அதை நம்பி நான் காலை நீட்டித் தூங்க மாட்டேன்.

ஏன் தூங்க மாட்டேன்னா, நம்ம சென்னையிலயே ஒரு தீர்ப்பு இருக்கு. 2018-ல பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்துற ஒரு பதிவை எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணினார். எழுதினது அவர் இல்லை, வேற ஒருத்தர். அன்னைக்கே எடுத்துட்டார், மன்னிப்பும் கேட்டார். கண்ணுல மருந்து விட்டிருந்ததால படிக்காம ஷேர் பண்ணிட்டார்னு அவர் தரப்பு வாதம். 2023 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பின செய்தி எய்த அம்பு மாதிரி, ஃபார்வர்ட் பண்ணினவர் அதை ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்னு சொல்லி, வழக்கை ரத்து பண்ண மாட்டேன்னுட்டார். சுப்ரீம் கோர்ட்டும் கை விரிச்சுடுச்சு. 2024 பிப்ரவரியில ஒரு மாசச் சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு.

இப்ப யோசிங்க. ஷேர் பண்ணினா ஏத்துக்கிட்ட மாதிரின்னா, நான் கமெண்ட்டுக்கு ஹார்ட் போடுறது? பின் பண்ணி மேல வைக்கிறது? அதனாலதான் முன்னாடி மாதிரி தூக்கக் கலக்கத்துல வரிசையா ஹார்ட் போடுறதை நிறுத்திட்டேன். "அண்ணன் இப்பல்லாம் கண்டுக்கறதில்ல"ன்னு வருத்தப்படுற தம்பிங்களுக்கு இதுதான் பதில்.

ஃபில்டர் வச்சாச் சரியாயிடாதான்னு கேட்டவங்களுக்கு: வச்சிருக்கேன். அது பண்ற கூத்து தனி. நம்ம ஆளுங்க கெட்ட வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல ரெண்டு புள்ளி வச்சு, ஒரு நம்பரைச் சொருகி எழுதுவாங்க, அது ஜம்முனு உள்ள வந்துடும். ரோட்டு மேல கோவத்துல "என்ன மயிரு ரோடு இது"ன்னு நியாயமாத் திட்டினவர் கமெண்ட் மாட்டிக்கும். அதை நான் கையால எடுத்து விட்டேன், ரோடு அப்படித்தான் இருக்கு.

ஃபில்டர் தொடாத இன்னொரு ரகம் இருக்கு, எனக்கு உண்மையான தலைவலி அதுதான். பஸ் ஸ்டாண்ட் வீடியோவுல ஒரு ஐயா ரொம்ப மரியாதையா எழுதியிருக்கார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குறிப்பிட்ட ஒரு மக்கள் பிரதிநிதி பேரைப் போட்டு, கடை ஏலத்துல இவ்வளவு லட்சம் வாங்கினார்னு தொகையோட சொல்லியிருக்கார். பொய்யா இருந்தா அந்த மனுஷனுக்கு அநியாயம். நிஜமா இருந்தா ஊருக்கே தெரியணும். அவதூறு சட்டத்துல முதல் விதிவிலக்கே, உண்மையாவும் இருக்கணும், பொது நன்மைக்காகவும் இருக்கணும்ங்கிறதுதான். உண்மையான்னு இங்க உக்காந்துட்டு நான் எப்படிச் சொல்வேன்? அதைத் தூக்கல, வெளியிடவும் இல்லை, ஹோல்ட்ல இருக்கு.

ஐயா, நீங்க இதைப் பாத்தீங்கன்னா, ஏலத்துக்கு யார் யார் எவ்வளவு கேட்டாங்க, யாருக்கு எவ்வளவுக்கு விட்டாங்கன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாள்ல பதில் தரணும். பதில் வந்ததும் நகலை மெயில் பண்ணுங்க, முகவரி டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. அதை வச்சுத் தனி வீடியோவே பண்ணிடலாம், உங்க பேர் வேணாம்னா வேணாம். அதுவரைக்கும், "ஏலத் தொகையை ஏன் நோட்டீஸ் போர்டுல ஒட்டல?"ன்னு நீங்க எழுதின அடுத்த கமெண்ட் இருக்கே, அதை இப்பவே வெளியில விட்டுட்டேன்.