அருவியின் காலடியில்

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நேரே நம் தலைக்கு வருவதில்லை. நடுவழியில் பாறையில் ஒரு பெரிய குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, சுழன்று, நிரம்பி, விளிம்பு தாண்டிப் பொங்கி வழிகிறது. அந்தக் குழிக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். விழும் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் கீழே நாம் தலை கொடுத்து நிற்க முடிகிறது.

அந்தக் குழியைத் தோண்டியது அருவியேதான். எப்படி என்பது ஆட்டுரலில் மாவாட்டிய வீட்டுக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். வெள்ளம் மலையிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வருகிறது. கல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் அதை விடாமல் சுழற்றுகிறது. கல் குழவி, பாறை உரல். குழவி தேய்ந்து மணலாகி ஓடிவிடும், அடுத்த வெள்ளம் வேறு குழவி கொண்டுவரும். உரல் மட்டும் ஆழமாகிக்கொண்டே போகும். கோடையில் ஆறு வற்றியபின் பாறைகளில் தெரியும் வட்டக் குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள். சுவர் வழவழவென்றிருக்கும், அடியில் நாலைந்து உருண்டைக் கற்கள் கிடக்கும்.

அருவி என்றால் மேலே பார்க்கிறோம். என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, காலடியைப் பாருங்கள் என்பதுதான். அருவியின் கதை அங்கேதான் நடக்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் வட அமெரிக்காவின் நயாகரா. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், அந்த நிலத்தை மூடியிருந்த பெரும் பனிப்படலம் உருகி வடக்கே பின்வாங்கியபோது பிறந்த அருவி அது. பாறைகளின் வயதோடு பார்த்தால் பச்சைக் குழந்தை. மேலே டோலமைட் என்ற கெட்டியான பாறை, அடியில் ஷேல் என்ற, ஏடு ஏடாக உதிரும் களிப்பாறை. விழுந்து தெறிக்கும் நீர் அடியிலுள்ள களிப்பாறையை அரித்து உள்ளே குடைகிறது. மேல்பாறை தாங்குவாரில்லாமல், வீட்டுச் சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருநாள் பாரம் தாங்காமல் ஒடிந்து விழுகிறது. 1850இல் 'டேபிள் ராக்' என்ற பெரிய பாறைத் தட்டின் பெரும்பகுதி அப்படித்தான் விழுந்தது. ஒடிந்தபின் அருவி ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறது. மறுபடி குடைச்சல், மறுபடி ஒடிதல்.

இப்படியே அந்த அருவி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேல்நோக்கி நடந்திருக்கிறது. வந்த வழி ஆழமான பள்ளத்தாக்காக இன்றும் கிடக்கிறது. 11 கிலோமீட்டரை 12,000 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். இப்போது நடை தளர்ந்துவிட்டது. நீரில் பெரும்பங்கு மின்சாரத்துக்குத் திருப்பப்படுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக இவ்வளவு நீராவது விழ வேண்டும் என்று அமெரிக்காவும் கனடாவும் 1950இல் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன.

1969இல் அங்குள்ள மூன்று அருவிகளில் ஒன்றான அமெரிக்க அருவியைப் பொறியாளர்கள் சில மாதங்கள் நிறுத்தியே விட்டார்கள். மேலே மண்ணும் கல்லும் கொட்டி அணை போட்டார்கள். அடியில் குவிந்து கிடந்த பாறைச் சரிவை அகற்றி அருவியை அழகாக்கலாமா என்று ஆராய்வதே நோக்கம். கடைசியில் அந்தக் குவியலை அப்படியே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்பேன். அந்தக் கற்குவியலும் அருவியின் ஒரு பகுதிதானே.

எல்லா அருவியும் இப்படிப் பிறப்பதில்லை. பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்தும், நிலம் பிளந்து ஒருபக்கம் இறங்கிய இடத்திலும் ஆறுகள் குதிக்கின்றன. எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்து உறைந்தாலும் அருவி உண்டாகும். ஈக்வடோர் நாட்டின் சான் ரஃபேல் அருவி அப்படி வந்தது. சுமார் 150 மீட்டர் உயரம், அந்நாட்டின் மிகப்பெரிய அருவியாக இருந்தது. 2020 பிப்ரவரி 2ஆம் தேதி, அருவிக்குச் சற்று மேலே கோகா ஆற்றின் அடியில் ஒரு பொத்தல் திறந்தது. ஆறு அதற்குள் இறங்கி வேறு வழியாக வெளியேறியது. அருவி நின்றுபோனது.

அதோடு முடியவில்லை. தாழ்ந்துவிட்ட ஆறு, தன் படுகையை மேல்நோக்கி அரிக்கத் தொடங்கியது. நயாகராவின் நடைக்கு இது ஓட்டம். கெட்டிப்பாறை தடுக்காத இடத்தில் கரைகள் மளமளவென்று சரிந்தன. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 7ஆம் தேதி, கரையோரம் போன எண்ணெய்க் குழாய்கள் உடைந்து கச்சா எண்ணெய் கோகா ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே வாழ்ந்த பழங்குடி மக்களின் குடிநீரும் மீனும் போயின. மேலே கட்டிய நீர்மின் அணை மணலை மறித்தது காரணமா, எரிமலை நிலத்தின் இயல்பே காரணமா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். மேலே மணல் நின்றால் கீழே ஆறு பசியோடு வந்து படுகையை அரித்துத் தின்னும் என்பதை மட்டும் நம்மூர் ஆறுகளைப் பார்த்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன்.

குற்றாலத்தில் அந்த வேகம் கிடையாது. அங்கே ஐம்பது கோடி ஆண்டுக்கும் மூத்த கெட்டிப்பாறை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் விளிம்பு நகர்ந்தது தெரியாது. ஆனாலும் உரல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டு, நீங்கள் ஏமாற்றத்தோடு தள்ளி நிற்கும் நாளில் தண்ணீரைப் பாருங்கள். செம்பழுப்பாக, மலையின் மண்ணோடு இறங்கும். பாதுகாப்பான தூரத்தில் நின்று காதைக் கொடுங்கள். அந்தப் பேரிரைச்சலில் மேலே பொங்குமாங்கடலுக்குள் கல்லோடு கல் மோதி உருளும் சத்தமும் கலந்திருக்கும்.

வணக்கம்.