சந்தேகங்களுக்கு விளக்கம்: வளர்ச்சிச் சமன்பாட்டுல டி.என்.ஏ ரிப்பேர் எங்கே இருக்கு?

அடுத்த கேள்வி ஒரு காலேஜ் மாணவர் கேட்டிருக்கார். "சார், ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும்னு சொன்னீங்க. காப்பி எடுக்கும்போது டி.என்.ஏ-வுல தப்பு வரும், அதைத் திருத்த ரிப்பேர் இருக்குன்னும் சொன்னீங்க. போர்டுல எழுதின சமன்பாட்டுல அந்த ரிப்பேரையே காணோமே?"

சரியான இடத்துல பிடிச்சிருக்கீங்க. போர்டுல இருந்தது, ஒரு கூட்டம் எவ்வளவு வேகமா பெருகும், எங்கே போய் நிக்கும்னு சொல்ற வளர்ச்சிச் சமன்பாடு; 1838-ல பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் எழுதினது. அதுல ஆர்-னா பெருகுற வேகம், கே-னா தாங்குதிறன். கே இல்லேன்னா ஒரே ஒரு பாக்டீரியா ரெண்டு நாள்ல 144 தடவை ரெண்டாகி, பூமியை விட ஆயிரக்கணக்கான மடங்கு எடைக்குப் போயிடும். குடுவையில சர்க்கரை தீர்ந்துட்டா நின்னுடும், அவ்வளவுதான் கே.

ரிப்பேர் இருக்கிறது ஆர்-க்குள்ள. ஈ.கோலையோட டி.என்.ஏ சுமார் 46 லட்சம் எழுத்து. காப்பி எடுக்கிற என்ஸைமான பாலிமரேஸ் லட்சத்துக்கு ஒரு தப்பு விடும்னு வைங்க, ஒரு பிரிவுக்கு 46 தப்பு. அதே பாலிமரேஸ் பின்னாடி வந்து ப்ரூஃப் பார்க்கும். இப்போ கோடிக்கு ஒண்ணு. மிச்சத்தை மிஸ்மேட்ச் ரிப்பேர், அதாவது ஜோடி பொருந்தாத எழுத்தைத் தேடித் திருத்துற அமைப்பு, பிடிக்கும். எது அசல், எது நகல்னு அதுக்கு எப்படித் தெரியும்? டி.என்.ஏ-வோட ரெண்டு இழையில, பழைய இழையில மெத்தில்னு ஒரு சின்ன வேதிக் குறி இருக்கும், புது இழையில இன்னும் ஏறியிருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள புது இழையை வெட்டி, தப்பான பகுதியை எடுத்துடும். இது எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சு காட்டின பால் மோட்ரிச்சுக்கு 2015-ல வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது. கடைசியில நூறு கோடிக்கு ஒண்ணு, அதுக்கும் கீழே.

இப்போ கணக்கு. எல்லாத் தப்பும் செல்லைக் கொல்லாது. பத்துல ஒண்ணு கொல்லும்னு ஒரு பேச்சுக்கு வைங்க. ரிப்பேரும் இல்லை, ப்ரூஃபும் இல்லைன்னா ஒரு பிரிவுக்குச் சராசரி 4.6 கொல்லுற தப்பு. சராசரி தெரிஞ்சா ஒண்ணுகூட வராம இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற பாய்ஸான் பரவல்படி, கொல்லுற தப்பு ஒண்ணுகூட இல்லாம தப்பிக்கிறது நூத்துல ஒண்ணு. ரெண்டா பிரிஞ்சும் நூறு செல், ரெண்டு செல்லா சுருங்கிடும். அப்போ எல்லை எங்கே? பாதிப் பேராவது பிழைக்கணும். அதுக்குக் கொல்லுற தப்போட சராசரி 0.69-க்குக் கீழே இருக்கணும். எக்செல்ல போட்டுப் பாருங்க: 1,000 செல், 10 தலைமுறை. 0.6 வச்சா சுமார் 2,540 ஆகும். 0.8 வச்சா 340-க்கு இறங்கிடும். எல்லையை ஒட்டி அவ்வளவு கூர்மை.

ஆனா ஈ.கோலை இருக்கிறது அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. அதனாலதான் வளர்ச்சி வளைவைப் பார்த்தா ரிப்பேர் இருக்கா இல்லையான்னே தெரியாது. அமெரிக்காவுல ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல 12 குடுவையில ஈ.கோலை வளர்க்க ஆரம்பிச்சார். 50,000 தலைமுறைக்குள்ள ஆறு குடுவையில, தப்பைத் தடுக்கிற, திருத்துற மரபணுக்கள் கெட்டுப்போன வகை மேலே வந்துடுச்சு. மிஸ்மேட்ச் ரிப்பேர் போனா தப்பு நூறு மடங்கு வரைக்கும் ஏறும். ஆயிரத்துல ஒரு பிரிவுக்கு ஒரு தப்பு இருந்தது, பத்துக்கு ஒண்ணா ஆகும். நம்ம கணக்குல கொல்லுறது நூத்துல ஒண்ணுதான். செலவு அவ்வளவுதான்! நல்ல மாற்றம் ஒண்ணு அந்த வகையில முதல்ல விழுந்துட்டா, கெட்டுப்போன ரிப்பேரும் அதோட சேர்ந்தே பரவிடும்.

அதனால ஆர்-ஐ மாறிலின்னு எழுதினது ஒரு நாள் குடுவைக்குப் போதும். பல்லாயிரம் தலைமுறைக்குன்னா ரிப்பேர் உள்ள வகைக்கு ஒரு சமன்பாடு, இல்லாத வகைக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் பொதுவா ஒரே கே. இதைத்தான் அடுத்த வீடியோவுல போர்டுல போடப் போறேன்.