சாம்பல் வாளி யார் முறை?

வணக்கம். ஒன்பது குடும்பம் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ்கிறீர்களே, அதைப் பற்றி வானொலியில் பேசுங்கள் என்றார்கள். சூரிய மின்சாரம், பொதுக் கணக்கு என்று நிறைய எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எத்தனை ஓடுகிறதோ பார்ப்போம்.

எங்கள் இடம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டினால் கேரளம்தான், ஆனால் டீக்கடையில் தமிழ்தான் கேட்கும். கேரளம் என்றதும் மழை கொட்டும் என்று நினைப்பீர்கள், இல்லை. பாலக்காட்டின் கிழக்கு ஓரம் காய்ந்த பூமி, பனைமரமும் கடலைக்காடும். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வரவேண்டும், ஆழியாறு அணையை எப்போது திறப்பார்கள் என்பதுதான் இங்கே எல்லார் வாயிலும்.

அதனால் முதலில் எடுத்த முடிவு கழிப்பறை. சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் மன்னிக்கவும். பழைய பீங்கான் தொட்டி ஒருதரம் இழுத்தால் பத்து லிட்டர். நாங்கள் முப்பத்தொரு பேர், ஆளுக்கு ஐந்துதரம் என்று வையுங்கள், தினமும் ஆயிரத்தைந்நூறு லிட்டருக்கு மேல். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் அது அடுக்குமா? அதனால் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. சிறுநீர் தனி வழி, கால் கழுவுகிற தண்ணீர் தனி வழி, மலம் கீழே குழியில், மேலே ஒரு கை சாம்பல். ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்தது. வருடம் கழித்துத் திறந்தால் மண் மாதிரி பொலபொலவென்று இருக்கும், நாற்றமே இருக்காது. தென்னைக்கும் வாழைக்கும் போடுகிறோம், கீரைக்குப் போடுவதில்லை. திருச்சிப் பக்கம் முசிறியில் இதே மாதிரி கழிப்பறையில் போனவர்களுக்குக் காசே கொடுத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? சிக்கல் சாம்பல் வாளியில்தான். வாளி காலியானால் நிரப்புவது யார்? இரண்டு மாதம் இதற்காகக் கூட்டம் போட்டோம். பலகையில் முறை எழுதினோம், முறைக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு சாக்கு. உலகத்தைக் காப்பாற்ற வேலையை விட்டு வந்தவர்கள், ஒரு வாளிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நானும்தான்.

அந்தச் சமயத்தில் உடுமலையிலிருந்து என் அத்தை ஒரு வாரம் தங்க வந்தார். முதல் நாள் அந்தப் பக்கமே போகவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை சத்தம்: "ஏங்கண்ணு, சாம்பல் போடாமப் போனவன் எவன்?" பெங்களூரில் கணினி வேலை பார்த்துவிட்டு வந்த நண்பர் பல் துலக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். சாயங்காலக் கூட்டத்தில் அத்தையும் உட்கார்ந்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுப்பு எரிச்சவங்க சாம்பலை அள்ளித்தானே ஆகோணும்? அள்ளுனதை அங்க கொண்டுபோய்க் கொட்டச் சொல்லு. இதுக்கெதுக்குப் பலகை?"

அவ்வளவுதான். பொதுச் சமையல் எங்களில் ஆணும் பெண்ணும் முறை வைத்துச் செய்வது, விறகும் தேங்காய்த் தொட்டியும் எரிக்கிற அடுப்பு. அன்றைக்குச் சமைத்தவர் வாளி நிரப்புவார். பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டோம்.

இது புதுசும் இல்லை. 1910-ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி டால்ஸ்டாய் பண்ணை நடத்தினாரே, சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் இருந்த இடம், அதில் தமிழர்கள் நிறையப் பேர். வேலைக்காரர் கிடையாது. அழுக்குத் தண்ணீர் மரத்துக்கு, மலம் ஒன்றரை அடிக் குழியில் போட்டு மண்ணால் மூடுவது, எல்லாம் அவர்கள் கையாலேயே. அங்கே வாளிச் சண்டை நடந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

எங்களிடமிருந்து ஒரு குடும்பம் விலகிப் போனது. கொள்கைச் சண்டை என்று வெளியே பேச்சு. உண்மையில் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் யாரோ முட்டை வேகவைத்ததில் ஆரம்பித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சரி, சூரிய மின்சாரம்: விளக்குக்கும் மோட்டாருக்கும் போதும், பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க மறந்தால் போதாது. பொதுக் கணக்கு: ஒன்பது வீட்டுக்கும் ஒரே வாஷிங் மெஷின், ஒரே கார். மீதி எழுதிக்கொண்டு வந்தது பையிலேயே இருக்கட்டும். இன்றைக்கு ராத்திரிச் சமையல் என் முறை, நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வணக்கம்.