படம் ஓடுகிறது, பாட்டியின் குரல் மட்டும் கேட்கவில்லை

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் குட்டி டிஸ்க்கைப் பாருங்கள். 8 சென்டிமீட்டர் டிவிடி. 2008இல் அப்பா வாங்கிய வீடியோ கேமரா நேராக இதில்தான் பதிவு செய்யும். சாதாரணத் தரத்தில் ஒரு டிஸ்க்கில் அரை மணி நேரம் பிடிக்கும். இது அக்காவின் வளைகாப்பு.

போன வாரம் கணினியில் போட்டேன். வளையல் அடுக்குகிறார்கள், பாட்டி பாடுகிறார், வாய் அசைகிறது. சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா, “குரல் அழிஞ்சு போச்சாப்பா?” என்று கேட்டுவிட்டார்.

டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் பயம் இன்னும் கூடியது. ஆடியோ டிஎஸ், வீடியோ டிஎஸ் என்று இரண்டு ஃபோல்டர். ஆடியோ டிஎஸ் காலி! உங்களுக்கும் அப்படி இருந்தால் பதற வேண்டாம். அந்த ஃபோல்டர் டிவிடி ஆடியோ என்ற வேறு வகை டிஸ்க்குக்கானது. வீட்டு டிஸ்க்கில் அது காலியாகத்தான் இருக்கும். நம் ஒலி, வீடியோ டிஎஸ்ஸுக்குள் இருக்கும் விஓபி ஃபைல்களில் படத்தோடு சேர்ந்தே இருக்கிறது.

பிறகு ஏன் கேட்கவில்லை? டிஸ்க்கில் சுருக்கி எழுதியிருப்பதைப் பிரித்துத் தரும் மென்பொருள்தான் டிகோடர். படத்துக்கு ஒரு டிகோடர், ஒலிக்கு வேறொரு டிகோடர் வேண்டும். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் ஒலியை ஏசி-3 முறையில் எழுதின, டால்பி டிஜிட்டல் என்போமே, அதுதான். அதற்குப் பல காலம் உரிமக் கட்டணம் இருந்ததால், எல்லா பிளேயரிலும் அந்த டிகோடர் வரவில்லை. அப்போது படம் மட்டும் ஓடும்.

அதனால் முதலில் வேறு ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐயில் மானிட்டரை இணைத்திருந்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம். அது சரி என்றால் விஎல்சி என்ற பிளேயரைப் போடுங்கள். இலவசம், ஏசி-3 டிகோடர் உள்ளேயே இருக்கிறது. எனக்கு அதிலேயே கேட்டுவிட்டது. அம்மா மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார்.

விஎல்சியிலும் கேட்கவில்லையா? படம் ஓடும்போதே கண்ட்ரோலையும் ஜேயையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். அங்கே ஆடியோ என்று ஒரு வரி இருந்தால், ஆடியோ மெனுவில் டிராக் அணைந்திருக்கிறதா பாருங்கள். அமைப்புகளில் எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூ போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பும். ஹோம் தியேட்டருக்குத்தான் சரி. 5.1 என்ற ஆறு ஸ்பீக்கர் முறையில் பதிவானதில் பேச்சு மட்டும் மங்கலாக இருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆடியோ வரியே இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் வேண்டும், அந்த டிஸ்க்கில் ஒலி பதிவாகவே இல்லை. விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றியதில் வரி இருந்தும் முழுக்க அமைதி என்றால், மாற்றியபோது ஒலிக்கான வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகாமல் விட்டிருக்கலாம். அதனால் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள், குரல் அதில் இருக்கும்.

சத்தம் வந்ததும் அன்றைக்கே நகல் எடுங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கில் பெரும்பாலும் இருப்பது சாயப் படலம். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். வீடியோ டிஎஸ் ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்து வையுங்கள், அதுதான் மூலம். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக்குங்கள். அப்போது ஆடியோ பகுதியில் ஏஏசி என்ற ஒலி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏசி-3யாகவே விட்டால் பல ஃபோன்களில் மறுபடி ஊமைப் படம்தான்.

இன்னொன்று, டிஸ்க்கை வாய் போல இழுத்துக்கொள்ளும் டிரைவில் இந்தக் குட்டி டிஸ்க்கைப் போடவே போடாதீர்கள், உள்ளே மாட்டிக்கொள்ளும். தட்டு வெளியே வரும் டிரைவில், நடுவில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் இப்படி வைக்க வேண்டும். சரி, இன்னும் நான்கு டிஸ்க் இருக்கிறது. அடுத்ததைப் போடுகிறேன்.