ஏன் கேட்கிறாய் என்று கேட்க முடிந்த இயந்திரம்

அனைவருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிறேன் என்றதும் பலர் புதிய செய்தி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஐம்பது வருடப் பழைய சரக்கு. ஆனால் அந்தப் பழைய இயந்திரம் செய்த ஒரு காரியத்தை அப்புறம் வந்தவற்றில் பல செய்யவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியாயிற்று. இன்ன கிருமிதான் என்று ஆய்வுக்கூடம் அடித்துச் சொல்ல ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதுவரை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டே எந்த ஆன்டிபயாட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவான மைசின் என்ற நிரல் இந்த இக்கட்டுக்காகவே எழுதப்பட்டது. எழுதியவர் எட்வர்ட் ஷார்ட்லிஃப். மருத்துவம் படித்துக்கொண்டே கணினியில் முனைவர் பட்ட ஆய்வும் செய்தவர். கூட இருந்தவர்கள் புரூஸ் புக்கானனும் ஸ்டான்லி கோஹனும். மரபணுக்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான அதே கோஹன்தான்.

மைசினுக்குள் இருந்தவை விதிகள், சில நூறு விதிகள். ஒவ்வொன்றும் 'இப்படி இருந்தால், அப்படி' என்ற வடிவம். ஒன்றைச் சொல்கிறேன்: கிருமி கிராம் நெகட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறத்தைப் பிடித்துவைக்காத வகை), வடிவம் கோல் போன்றது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்கிறது, இந்த மூன்றும் பொருந்தினால் அது பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்பதற்கு 0.6 அளவு சான்று உண்டு (1 என்றால் முழு உறுதி). அவ்வளவுதான் ஒரு விதி. இதில் மந்திரம் எதுவும் இல்லை. இந்த விதிகளை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டு திசைகள் உண்டு. கையில் இருக்கும் தகவலில் தொடங்கி, இதிலிருந்து என்ன கிடைக்கும், அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று முன்னோக்கிப் போகலாம். அல்லது எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் தொடங்கி, அதைச் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும், அது தெரிய வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி இறங்கலாம். நோயறிதலில் இரண்டாவது வழி ஏன் பொருந்துகிறது என்றால், ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு முடிவே கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசிக்கலாம் என்று உட்கார்ந்தால் காலம் போய்விடும். அதோடு மருத்துவத்தில் பல தகவல்கள் சும்மா வருவதில்லை. ஊசி குத்த வேண்டும், முதுகுத் தண்டிலிருந்து திரவம் எடுக்க வேண்டும். மனித மருத்துவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறார்கள். நோயாளி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு மூன்று சந்தேகங்களை மனதில் வைத்துக்கொண்டு, அவற்றைச் சோதிக்கும் கேள்விகளைத்தான் அதற்குப் பின் கேட்கிறார்கள்.

சரி, மைசினுக்குள் இறங்கிப் பார்ப்போம். உச்சியில் ஒரே ஒரு விதி, 92ஆம் எண். சிகிச்சை தேவைப்படும் கிருமி ஒன்று இருக்கிறது, வேறு கிருமிகள் இருக்கலாமா என்பதையும் பார்த்தாயிற்று என்றால், பொருத்தமான மருந்துகளைப் பட்டியலிட்டு அதில் சிறந்ததைத் தேர்ந்தெடு. இதுதான் இலக்கு. இந்த விதியை ஓட்ட முயன்றதும் முதல் நிபந்தனையிலேயே இடிக்கிறது: சிகிச்சை தேவைப்படும் கிருமி இருக்கிறதா? தெரியாது. உடனே அது ஒரு துணை இலக்காகிறது. அதைச் சொல்லக்கூடிய விதிகளைத் தேடுகிறது. அந்த விதிகளுக்குக் கிருமி எது என்று தெரிய வேண்டும். அது இன்னொரு துணை இலக்கு. கிருமியின் அடையாளத்தைச் சொல்லும் விதிகளை எல்லாம் எடுக்கிறது. மேலே சொன்ன பாக்டீராய்ட்ஸ் விதி அதில் ஒன்று. அதற்கு கிராம் சாயம் என்ன நிறம் காட்டியது என்று தெரிய வேண்டும். இதைச் சொல்ல விதி எதுவும் கிடையாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆக, கிணற்றின் அடி வந்துவிட்டது. அப்போதுதான் திரையில் மருத்துவருக்கு ஒரு கேள்வி வருகிறது.

எதை உடனே கேட்பது, எதை முதலில் தானே யோசிப்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆய்வுக்கூடத் தகவல் என்றால் முதலில் மருத்துவரைக் கேட்கும், அவருக்குத் தெரியாவிட்டால் விதிகளைக் கொண்டு ஊகிக்கப் பார்க்கும். மற்றவை என்றால் முதலில் விதிகள், அவை கைவிட்டால்தான் கேள்வி. 'தெரியாது' என்று பதில் சொன்னாலும் இயந்திரம் முறைத்துக்கொள்ளாது, அந்தக் கிளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

எளிதில் கவனத்துக்கு வராத ஒரு நுணுக்கம் உண்டு. பின்னோக்கிப் போகும் எளிய நிரல் ஒன்று 'இது பாக்டீராய்ட்ஸா?' என்று ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு, ஆம் என்று நிரூபணமானதும் நின்றுவிடும். மைசின் அப்படி நிற்காது. 'இது பாக்டீராய்ட்ஸா' என்ற கேள்வியை 'இது எந்தக் கிருமி' என்று அகலமாக்கிக்கொண்டு, தொடர்புள்ள எல்லா விதிகளையும் ஓட்டிப் பார்க்கும். முழு உறுதியோடு ஒரு முடிவு கிடைத்தால் மட்டுமே மிச்சத்தை விடும். முதலில் தோன்றிய நோயின் பெயரையே கட்டிக்கொண்டு மற்ற சாத்தியங்களைப் பார்க்காமல் விடுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. இயந்திரத்துக்கு அலுப்பு கிடையாது என்பது இங்கே உண்மையான அனுகூலம். பதிலுக்கு மருத்துவருக்கு அலுப்பு வந்தது. கேள்விகள் நீண்டுகொண்டே போயின.

இப்போது நான் முதலில் சொன்ன அந்தக் காரியத்துக்கு வருகிறேன். இயந்திரம் கேட்கிறது: இந்தக் கிருமி வளர ஆக்சிஜன் வேண்டுமா, வேண்டாமா? மருத்துவர் பதில் சொல்லாமல் 'ஏன்?' என்று தட்டச்சு செய்யலாம். அதற்கு ஏறத்தாழ இப்படி விடை வரும்: 'கிருமியின் அடையாளத்தைத் தீர்மானிக்க இது உதவும். கிராம் நெகட்டிவ் என்பதும் கோல் வடிவம் என்பதும் ஏற்கெனவே தெரியும். ஆக்சிஜன் இல்லாமல் வளர்வதாகவும் இருந்தால், இன்ன எண்ணுள்ள விதிப்படி இது பாக்டீராய்ட்ஸ் என்பதற்கு 0.6 சான்று கிடைக்கும்.' திருப்தி இல்லையா? மறுபடியும் 'ஏன்?' என்று கேளுங்கள். ஒரு படி மேலே ஏறி, கிருமியின் அடையாளம் எதற்குத் தேவைப்படுகிறது என்று சொல்லும். இப்படியே 92ஆம் விதி வரை ஏறலாம். எதிர்த்திசையில் 'எப்படி?' என்று கேட்டால், ஏற்கெனவே எடுத்த முடிவு எந்த விதிகளின் மேல் நிற்கிறது என்று கீழே இறங்கிக் காட்டும்.

இந்த வசதியைப் பிற்பாடு ஒட்டுப்போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. பின்னோக்கிப் போகும் முறையிலேயே அது பாதி இருக்கிறது. எந்த இலக்குக்காக எந்த விதியில் நிற்கிறோம் என்ற அடுக்கு எந்நேரமும் நினைவகத்தில் இருக்கும். அதை வாசித்துக் காட்டினால் போதும், விளக்கம் தயார். தொடக்கத்தில் கேட்கும் பெயர், வயது போன்ற வழக்கமான சில கேள்விகளைத் தவிர, காரணமில்லாமல் ஒரு கேள்வியைக்கூட அந்த இயந்திரம் கேட்க முடியாது. ஏனென்றால் காரணம்தான் கேள்வியை உண்டாக்குகிறது. என்னைப் பொறுத்தவரை மைசினின் பெரிய சாதனை இதுதான், நோயைக் கண்டுபிடித்தது இரண்டாம்பட்சம்.

எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருத்துவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்ல முடிவது அபூர்வம். அதனால் ஒவ்வொரு கூற்றுக்கும் -1 முதல் +1 வரை ஓர் உறுதி எண் கொடுத்தார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராம் நெகட்டிவ் என்பது முழு உறுதி, 1. கோல் வடிவம் என்பது 0.8. ஆக்சிஜன் இல்லாமல் வளர்கிறது என்பது 0.9. மூன்றும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால் இருப்பதிலேயே குறைந்ததை எடுக்க வேண்டும்: 0.8. விதியின் பலம் 0.6. இரண்டையும் பெருக்கினால் 0.48. அப்புறம், குடல் வழியாகக் கிருமி நுழைந்திருக்கலாம் என்பதை வைத்து இன்னொரு விதி அதே பாக்டீராய்ட்ஸுக்கு 0.56 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1.04 ஆகிவிடும், அது அபத்தம். எனவே முதல் சான்று விட்டுவைத்த மிச்சத்தில், அதாவது 0.52இல், 0.56 பங்கை மட்டும் சேர்க்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 0.77. எந்த விதி முதலில் வந்தாலும் விடை மாறாது. 0.2ஐத் தாண்டாத நிபந்தனையை இயந்திரம் பொருட்படுத்தாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் இந்தக் கணக்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு அறிகுறிகளைத் தனித்தனிச் சான்றாக எண்ணினால், ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றியது போலாகிவிடும். 1986இல் டேவிட் ஹெக்கர்மன் என்ற ஆய்வாளர் இதன் கணித அடிப்படையைப் பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு, எது எதைச் சார்ந்தது என்பதையும் கணக்கில் எடுக்கும் நிகழ்தகவு வலைகள் பக்கம் துறை சாய்ந்தது. சாய்ந்தது நியாயம்தான்.

எண்களைவிட எனக்குச் சுவையாகப் படுவது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் கிளான்சி கண்டுபிடித்தது. மைசினின் விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்று அவர் முனைந்தார். விளக்கம் சொல்லத் தெரிந்த இயந்திரம் ஆசிரியராகவும் இருக்குமே என்பது நியாயமான எண்ணம். ஆனால் மூளையுறை அழற்சிக்கான ஒரு விதியைப் பாருங்கள். நோயாளிக்கு 17 வயதுக்கு மேல் ஆகியிருந்து, குடிப்பழக்கம் உள்ளவராகவும் இருந்தால், இன்னின்ன கிருமிகளைச் சந்தேகி என்கிறது. வயது ஏன் அங்கே வருகிறது? நோய்க்கும் அந்த வயதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. குழந்தையைக் கொண்டுவந்த இடத்தில் 'நோயாளி குடிகாரரா?' என்று இயந்திரம் கேட்டு வைத்துவிடக் கூடாதே என்பதற்காக, விதி எழுதியவர் வயதை முன்னால் போட்டிருக்கிறார். நிபந்தனைகள் இருந்த வரிசையில் ஓர் உலக அறிவு அடங்கியிருந்தது. 'ஏன்?' என்று கேட்டால் இயந்திரத்துக்கு அதைச் சொல்லத் தெரியாது.

இன்னொரு விதி: 8 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்காதே. சரியான அறிவுரை. வளரும் எலும்பிலும் பல்லிலும் அந்த மருந்து படிந்து, பல் நிரந்தரமாகக் கறை பிடித்துவிடும் என்பதுதான் காரணம். அந்தக் காரணம் மைசினுக்குள் எங்குமே இல்லை. விதி சரியாக வேலை செய்ய அது தேவைப்படவும் இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான தொற்று, வேறு மருந்து கைவசம் இல்லை என்ற நிலை வந்தால், காரணம் தெரிந்த மருத்துவர் பல்லா உயிரா என்று எடை போட்டு விதியை மீறுவார். காரணம் தெரியாதவருக்கு மீறவும் தெரியாது. ஆக, 'ஏன் கேட்கிறாய்' என்பதற்குப் பதில் சொன்ன இயந்திரத்தால் 'இந்த விதி ஏன் சரி' என்பதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதே அதை வைத்துப் பாடம் நடத்தப் போனபோதுதான் துலக்கமாயிற்று.

திறமையில் அது யாருக்கும் குறைந்ததில்லை. 1979இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான சோதனையில் மூளையுறை அழற்சி நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்களை மைசினுக்கும் ஸ்டான்ஃபோர்டு தொற்றுநோய்ப் பேராசிரியர்கள் ஐந்து பேருக்கும் இன்னும் சிலருக்கும் கொடுத்தார்கள். யார் எழுதிய சிகிச்சை எது என்று சொல்லாமல் எட்டு வெளி வல்லுநர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். மைசினின் பரிந்துரைகளுக்கு 65 சதவீதம் ஏற்பு கிடைத்தது. பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. வல்லுநர்களே ஒருவரோடொருவர் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்படியிருந்தும் மைசின் எந்த மருத்துவமனையிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. காரணம் அறிவுக் குறைவு அல்ல. நோயாளியின் விவரங்கள் கணினியில் இல்லாத காலம் அது. வேலை நெருக்கடிக்கு நடுவே மருத்துவர் ஒரு முனையத்தின் முன் உட்கார்ந்து, ஏற்கெனவே காகிதத்தில் எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். யார் செய்வார்கள்? மைசினிலிருந்து மருத்துவ விதிகளை உருவிவிட்டு, வெறும் யோசிக்கும் கூட்டை மட்டும் வைத்து எமைசின் செய்தார்கள். அதில் நுரையீரல் சோதனை முடிவுகளைப் படிக்கும் விதிகளை நிரப்பியதும் பஃப் என்ற நிரல் பிறந்தது. சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் அது உண்மையாகவே வேலை பார்த்தது. அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. அளவுகள் கருவியிலிருந்தே வந்தன, அறிக்கையை மருத்துவர் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்றைய மருத்துவமனைக் கணினிகளிலும் விதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவை முன்னோக்கி ஓடுபவை. நோயாளியின் பதிவேடு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மருத்துவர் ஒரு மருந்தை எழுதியதும் விதி விழித்துக்கொண்டு எச்சரிக்கிறது. எச்சரிக்கைகள் குவிந்துபோய், மருத்துவர்கள் படிக்காமலே அவற்றை மூடிவிடுகிறார்கள் என்பது இப்போது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இந்த எச்சரிக்கையை எனக்கு இப்போது ஏன் காட்டுகிறாய் என்று அந்தப் பெட்டியிடம் இரண்டு தடவை அடுத்தடுத்துக் கேட்டு மேலே ஏறிப்போக முடிகிறதா என்பதை, வாங்குவதற்கு முன் யாராவது சோதித்துப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.