குளிரில் ஊதாத ஹீட்டர்: பழைய டீசல் காரின் வெப்பநிலை சுவிட்ச்

வணக்கம் நண்பர்களே. என் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300டி டர்போ டீசலின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். நியூ ஜெர்சியில் ஜனவரிக் காலை, வெளியே மைனஸ் 8 டிகிரி. ஒரு வாரமாக இந்தக் காரில் ஹீட்டரை எந்தப் பொத்தானில் வைத்தாலும் காற்றே வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த எஞ்சினில் ப்ளோயர், அதாவது காற்றை ஊதும் விசிறி, ஓடாமல் இருப்பது பழுதல்ல. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்தை எட்டும் வரை, ஐஸ் போன்ற காற்று நம் காலில் அடிக்கக் கூடாது என்பதற்காக, ஒரு சிறிய வெப்பநிலை சுவிட்ச் ப்ளோயரை நிறுத்தி வைக்கிறது. டீசல் எஞ்சின் ஐடிலில் மிகக் குறைந்த எரிபொருளையே எரிப்பதால், நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால் சூடேறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்; ஓட்டித்தான் சூடேற்ற வேண்டும்.

நான் கால் மணி நேரம் ஓட்டினேன். கூலன்ட் வெப்பநிலையைக் காட்டும் முள் 80ஐத் தொட்டது. ஆகவே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது என்ற சந்தேகம் தீர்ந்தது. முன்கண்ணாடியின் பனியை நீக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தியதும் ப்ளோயர் சீறிக்கொண்டு ஓடியது. அந்த நிலையில் சுவிட்சுக்காகக் காத்திருக்காமல் காற்று வர வேண்டும் என்பதால், மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன என்று பொருள்.

அடுத்து சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி நேரடியாக இணைத்துப் பார்த்தேன். ஒற்றை ஒயர் உள்ள வகையென்றால் அதை எஞ்சின் உடலில் எர்த் செய்ய வேண்டும். இரண்டு ஒயர் என்றால் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். ப்ளோயர் ஓடியது. அப்படியானால் சுவிட்ச்தான் பழுது என்று முடிவுகட்டி, அவசரப்பட்டுப் புதிய சுவிட்ச் வாங்கி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கீழே தட்டு வைத்து மாற்றினேன். மறுநாளும் காற்று வரவில்லை.

அப்போதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பழைய சுவிட்சைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை இணைத்து, தெர்மாமீட்டரோடு சூடாக்கினேன். கூலன்ட் நஞ்சு என்பதால் சமையலறைப் பாத்திரத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். 43 டிகிரியில் சுவிட்ச் இணைந்து மீட்டர் "பீப்" என்றது, ஆறவிட்டதும் அடங்கியது. குற்றவாளி என்று நான் கழற்றி எறிந்தது ஒரு பாவமும் அறியாத சுவிட்ச்!

இதோ, கேமராவை அருகில் கொண்டு வருகிறேன். கனெக்டரின் ரப்பர் உறையை விலக்கினால், உள்ளே பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு. நாற்பது குளிர்காலங்களின் ஈரமும் சாலை உப்பும் செய்த வேலை அது. நான் சோதித்தபோது கிளிப்பின் பல் அந்தக் களிம்பைக் கீறி உலோகத்தைத் தொட்டுவிட்டது. அதனால்தான் ப்ளோயர் ஓடி என்னை ஏமாற்றியது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிறிய பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்திருந்த டெர்மினலைக் குறட்டால் சற்று நெருக்கினேன். மீண்டும் மாட்டி ஒரு சுற்றுப் போய் வந்தேன். முள் 40ஐத் தாண்டிய சிறிது நேரத்தில் காற்று தானாகவே வந்தது. பழைய சுவிட்சைத் துடைத்து டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டிருக்கிறேன், உபரியாக இருக்கட்டும்.