ஆட முடியாம போனா அடுத்து என்ன? கோத்தகிரி தம்பியோட கேள்விக்கு பதில்

அடுத்த கேள்வி கோத்தகிரியிலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, காலேஜ் டீம்ல பேஸ்கட்பால் ஆடிட்டு இருந்தேன், முட்டில அடி, டாக்டர் இனிமே ஆடாதேன்னுட்டாரு. கோச்சிங், கமெண்ட்ரினு போலாமா? மூணுமே பண்ணவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருக்காங்க தம்பி, எனக்கு டக்குனு ஞாபகம் வர்றது டாமி ஹைன்சன். ஆடுனது, கோச்சா இருந்தது, மைக் புடிச்சது எல்லாமே அமெரிக்காவோட என்பிஏ பேஸ்கட்பால் லீக்ல இருக்கற பாஸ்டன் செல்டிக்ஸ் டீமுக்குத்தான். ஜனவரில ஊட்டில உறைபனி கொட்டுற நேரம், காலைல அஞ்சு ஆறு மணிக்கு கம்பளிய போத்திக்கிட்டு செல்டிக்ஸ் மேட்ச் பாத்தவங்களுக்கு அந்தக் குரல் தெரியும், ரெஃப்ரிய விடாம திட்டுவாரே அந்தப் பெரியவர். அவ்ளோதான் தெரியும்னா அவரப் பத்தி பாதி கூட தெரியலன்னு அர்த்தம்.

1957 என்பிஏ ஃபைனல்ஸ், கப்பு யாருக்குன்னு முடிவாகுற ஏழாவது மேட்ச், எதிர்ல செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் டீம். இவருக்கு அது முதல் சீசன். ஸ்கோர் சமமாகி மேட்ச் ரெண்டு தடவ ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம் போகுது, இந்தப் புதுப் பையன் 37 பாயிண்ட், 23 ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்புற பந்த புடிக்கறது), 125-123ல செல்டிக்ஸுக்கு முதல் கப். மொத்தம் ஒம்போது சீசன் ஆடுனாரு, அதுல எட்டு கப்பு. 1965ல பாதத்துல அடி, முப்பது வயசுலயே ஆட்டம் முடிஞ்சுபோச்சு. உங்க நெலமதான்.

ஆனா எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பெருசா தெரியறது கப்பு இல்ல, லீக்ல இருக்கற பெரிய ஸ்டாருங்க மட்டும் ஆடுற 1964 ஆல் ஸ்டார் மேட்ச். அப்பல்லாம் பிளேயர்ஸுக்கு பென்ஷன் கெடையாது, சீசன் முடிஞ்சா வேற வேலைக்குப் போவாங்க, இவரே இன்சூரன்ஸ் வித்தவரு. பிளேயர்ஸ் யூனியன் தலைவரும் இவருதான். மேட்ச் பாஸ்டன்ல, ராத்திரி நேரத்துல நாடு முழுக்க டிவில வரப்போகுது, கூட்டம் வந்து உக்காந்தாச்சு, இவங்க டிரஸ்ஸிங் ரூம விட்டு வெளிய வரல. பில் ரஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் எல்லாரும் உள்ள. வெஸ்டும் பெய்லரும் ஆடுன லேக்கர்ஸ் டீமோட முதலாளி ஆள் விட்டு மிரட்டிப் பாக்குறாரு, ஒருத்தரும் அசையல. கடைசில லீக்கோட தலைமை அதிகாரி வால்டர் கென்னடி வந்து பென்ஷனுக்கு நான் பொறுப்புன்னு வாக்கு குடுத்தப்புறம்தான் கோர்ட்டுக்குள்ள போனாங்க. சொந்த டீம் முதலாளி ஊர்லயே, அவரோட கோவத்தையும் தாங்கிக்கிட்டு இத பண்ணிருக்காரு பாருங்க, அதுக்கு தைரியம் வேணும். இன்னைக்கு கோடி கோடியா சம்பளம் வாங்குற பசங்க எல்லாரும் இத தெரிஞ்சுக்கணும்.

கோச்சிங்குக்கு 1969ல வந்தாரு. டீமோட பெரிய ஸ்டார் ரஸல் ரிட்டயர் ஆயிட்டாரு, டீம திரும்ப முதல்லருந்து கட்டணும். 1973ல 68 மேட்ச் ஜெயிச்சு 14தான் தோத்தாங்க, அந்த வருஷம் கோச் ஆஃப் தி இயர். 1974லயும் 1976லயும் கப். அந்த 76 ஃபைனல்ஸ்ல ஃபீனிக்ஸ் கூட அஞ்சாவது மேட்ச் மூணு ஓவர்டைம் போச்சு, யூடியூப்ல கெடச்சா கண்டிப்பா பாருங்க. 1978ல பாதி சீசன்லயே அனுப்பிட்டாங்க.

அதோட விட்டாரா? இல்ல. 1981லருந்து மைக் கோர்மன் கூட சேந்து கமெண்ட்ரி, கிட்டத்தட்ட நாப்பது வருஷம், 2020ல சாகற வரைக்கும். "டாமி பாயிண்ட்"னு ஒண்ணு குடுப்பாரு. முப்பது பாயிண்ட் அடிச்சவனுக்குன்னு இல்ல, யார் கைலயும் இல்லாம உருளுற பந்துக்கு தரைல விழுந்து எந்திரிக்கிறான் பாருங்க, அவனுக்கு. ஸ்கோர் ஷீட்ல வராத உழைப்ப ஊருக்கே காட்டுனாரு. பேஸ்கட்பால் ஜாம்பவான்கள கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல பிளேயரா 1986லயும் கோச்சா 2015லயும் ரெண்டு தடவ பேர் இருக்கு, ரெண்டுலயும் இருக்கறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

இப்ப உங்களுக்கு. பஞ்சாப்ல பாட்டியாலாவுல இருக்கற என்ஐஎஸ்ல (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்) கோச்சிங் டிப்ளமோவும் இருக்கு, சின்ன சர்டிஃபிகேட் கோர்ஸும் இருக்கு, நோட்டிஃபிகேஷன் வரும்போது பாத்து அப்ளை பண்ணுங்க. அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க, உங்க ஊர் ஸ்கூல் பசங்களுக்கு சாயங்காலம் பேசிக்ஸ் சொல்லிக் குடுங்க, மழைல கோர்ட் பாசி புடிச்சுக் கெடந்தா டிரிப்ளிங்க வராண்டாலயே பண்ண வைங்க. லோக்கல் டோர்னமெண்ட் நடந்தா ஒரு மேட்ச ஃபோன்ல எடுத்து தமிழ்ல கமெண்ட்ரி போட்டு எனக்கு அனுப்புங்க தம்பி, நான் முழுசா கேட்டுட்டுச் சொல்றேன்.